பின்னட்டையிலிருந்து தொடங்குங்கள்: அறியப்படாத எமோ, ஸ்க்ரீமோ குழுக்களைத் தேடும் முறை

எமோ (உணர்ச்சியைக் கொட்டிப் பாடும் பங்க் இசை), ஸ்க்ரீமோ (அதன் அலறும் வடிவம்) வகைகளில் நல்ல குழுக்கள் பல ஏன் வெளியே தெரியாமல் போயின என்பது விளங்கிவிட்டால், அவற்றைத் தேடும் வழியும் பாதி விளங்கிவிடும். 1980களின் நடுவில் வாஷிங்டன் டி.சி.யின் ஹார்ட்கோர் பங்க் (வேகமும் கடுமையும் கூடிய பங்க்) வட்டத்தில் பிறந்த இந்த இசை, அடுத்த பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் பார்வைக்கு வெளியேதான் வளர்ந்தது. கல்லூரி வயதினர் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குழு அமைப்பார்கள். நண்பர் ஒருவர் தம் அறையிலிருந்து நடத்தும் லேபிளில், அதாவது சிறு இசை வெளியீட்டு நிறுவனத்தில், ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்றைச் சில நூறோ ஓரிரு ஆயிரமோ பிரதிகள் அச்சிடுவார்கள். வேன் ஒன்றில் ஊர் ஊராகப் போய் வீடுகளின் நிலவறைகளில் வாசித்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கலைந்துவிடுவார்கள். அவர்களுக்கு விளம்பரமும் இல்லை, வானொலியும் இல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் பெரும்பாலும் ஏற்கெனவே பலர் கேட்டதை வைத்து அடுத்ததைப் பரிந்துரைப்பதால், யாரும் கேட்காத குழு அங்கே ஏறியிருந்தாலும் உங்கள் கண்ணில் படாது.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த இசையில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு தட்டு கையில் கிடைத்ததும், அல்லது அதன் படம் திரையில் தெரிந்ததும், பின்னட்டையைத் திருப்பி, வாசித்தவர்கள் யார், எந்த ஊர், எந்த லேபிள், எந்த ஒலிப்பதிவுக்கூடம், தட்டின் மறுபக்கத்தில் இருப்பது யார் என்று பாருங்கள். இந்தக் கட்டுரை சொல்லும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விகளை வெவ்வேறு வழிகளில் கேட்பவையே.

முதல் படி: காதைப் பழக்குதல்

தேடத் தொடங்கும் முன், எந்தக் காலத்து ஒலி உங்களைப் பிடித்து இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்காக நூறு தொகுப்புகள் கேட்கத் தேவையில்லை. காலத்துக்கு ஒன்றிரண்டு வீதம் ஆறேழு போதும். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழு தன் பெயரிலேயே 1985இல் வெளியிட்ட தொகுப்பு முதலாவது. ஹார்ட்கோரின் வேகம் அப்படியே இருக்க, பாடுபவரின் குரல் உடைந்து போவதை அதில் கேட்கலாம். 1990களின் கலிஃபோர்னியாவுக்கு போர்ட்ரெய்ட்ஸ் ஆஃப் பாஸ்ட் 1996இல் வெளியிட்ட தொகுப்பு. அமெரிக்க மத்திய மேற்கின் துள்ளலும் பிசிறும் கலந்த ஒலிக்கு சிகாகோவின் கேப்’ன் ஜாஸ்; அவர்கள் கலைந்த பின் 1998இல் ஜேட் ட்ரீ லேபிள் இரட்டைத் தட்டாக வெளியிட்ட முழுத்தொகுப்பே (குழுவின் பதிவுகளைத் திரட்டியது) போதுமானது. ஸ்க்ரீமோ என்று இன்று பலரும் மனத்தில் வைத்திருக்கும் ஒலிக்கு ஆர்க்கிட் குழுவின் 1999ஆம் ஆண்டுத் தொகுப்பும், நியூயார்க்கின் சேஷியாவும். ஐரோப்பாவுக்கு இத்தாலியின் லா குயேத்தே 2004இல் வெளியிட்டது. பிற்கால மறுமலர்ச்சிக்குப் பென்சில்வேனியாவின் ஆல்ஜர்னான் காட்வாலடர் 2008இல் வெளியிட்டது.

அலறலைப் பற்றி ஒரு சொல். முதன்முறை கேட்கும்போது குரல் மட்டுமே காதில் நின்று, மற்றதெல்லாம் இரைச்சலாகத் தோன்றும். அப்போது குரலை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பாட்டு எங்கே அடங்குகிறது, எங்கே மீண்டும் வெடிக்கிறது என்ற கட்டமைப்பு பிடிபட்டுவிடும். பாடல் வரிகளைத் தட்டோடு வரும் தாளில் படித்துக்கொண்டே கேட்பதுதான் இந்த வட்டத்தின் வழக்கம். அலறுபவரின் சொற்கள் அவருடைய ஊர்க்காரருக்கே தாள் இல்லாமல் புரியாது என்பதால், மொழி தெரியாததைப் பெரிய குறையாக எண்ண வேண்டாம். லா குயேத்தே இத்தாலியத்திலும், லியோனின் டைட்ரோ பிரெஞ்சிலும், டோக்கியோவின் என்வி ஜப்பானியத்திலும் பாடியிருக்கிறார்கள்.

ஒலிப்பதிவின் தரத்தைக் கண்டும் பின்வாங்க வேண்டாம். ஒரே நாளில், கைக்காசைப் போட்டுப் பதிவு செய்தவை பல. ஆனால் இணையத்தில் பழைய தட்டு ஒன்றைக் கேட்கும்போது குரல் வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்றோ கனத்தோ ஒலித்தால், 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய தட்டை யாரோ 45இல் ஓட்டிப் பதிவேற்றியிருக்கலாம், அல்லது அதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கலாம். குழுவின் மேல் பழி போடும் முன் இன்னொரு பிரதியைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: லேபிளின் வரிசை எண்கள்

டிஸ்காக்ஸ் என்ற தளம் 2000இல் தொடங்கப்பட்டது. தட்டுகளின் விவரங்களைப் பயனர்களே பதிவு செய்யும் பெரிய அட்டவணை அது. பலர் இதை விலை பார்க்க மட்டும் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்கு வேண்டியது விலை அல்ல. ஒரு தட்டின் பக்கத்தில் லேபிளின் பெயரை அழுத்தினால், அந்த லேபிள் வெளியிட்ட அனைத்தும் வரிசை எண்ணோடு வந்து நிற்கும். பிடித்த தட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கேளுங்கள். சிறிய லேபிள் என்பது ஒரே மனிதரின், அல்லது ஒரே நண்பர் கூட்டத்தின் ரசனை; அடுத்தடுத்த எண்களில் வந்த குழுக்கள் பெரும்பாலும் ஒரே மேடையில் வாசித்தவை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் சில பெயர்களைச் சொல்லலாம். டிஸ்கார்ட் 1980இல் வாஷிங்டனில் தொடங்கியது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் தொகுப்பு அதன் 16ஆம் எண். கிராவிட்டி 1991இல் சான் டியேகோவில் ஹெராயின் என்ற குழுவின் மாட் ஆண்டர்சன் தொடங்கியது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் கூட்டுறவாக நடத்திய சே கஃபேயைச் சுற்றி வளர்ந்த ஆன்டியோக் ஏரோ போன்ற குழுக்களின் வேகமும் கோணலும் அதில் பதிவாகியுள்ளன. எபுல்லிஷன், கென்ட் மெக்ளார்ட் என்பவர் 1990இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. மேலே சொன்ன போர்ட்ரெய்ட்ஸ் ஆஃப் பாஸ்ட், ஆர்க்கிட் இரண்டும் இங்கே வந்தவையே. லெவல் பிளேன், சேஷியாவின் டிரம்மர் கிரெக் ட்ரூடி தொடங்கியது; பின்னாளில் புகழ்பெற்ற இண்டர்போல் என்ற ராக் குழுவின் முதல் டிரம்மரும் இவர்தான் என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி.

புதிய குழுக்களுக்கும் இதே முறை செல்லும். மிச்சிகனின் கவுண்ட் யுவர் லக்கி ஸ்டார்ஸ், 2000களின் பிற்பகுதியில் எழுந்த மென்மையான எமோ மறுமலர்ச்சிக்கு நல்ல வாசல். கனடாவின் ஸெகெமா பீச், உலகின் பல மூலைகளிலிருந்து வரும் ஸ்க்ரீமோவைக் கேசட்டிலும் தட்டிலும் தொடர்ந்து வெளியிடுகிறது. இதன் பட்டியல் பெரிது. எல்லாவற்றையும் கேட்க முனைந்தால் சலித்துவிடும். ஊர் ஒன்றைத் தேர்ந்து அதன் குழுக்களை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: ஸ்பிளிட் தட்டுகள்

எனக்குத் தெரிந்த வரையில் இதுவே எல்லாவற்றிலும் பலன் தரும் படி. ஒரு பக்கம் ஒரு குழு, மறுபக்கம் வேறொரு குழு என்று செலவைப் பகிர்ந்து வெளியிடும் தட்டே ஸ்பிளிட். அச்சுச் செலவு குறைவு, ஒருவரின் ரசிகர்கள் மற்றவரையும் கேட்பார்கள், சேர்ந்து சுற்றுப்பயணம் போகலாம் என்பதால் இந்த வட்டத்தில் இது பெருவழக்காக இருந்தது. தேடுபவருக்கு இதன் பயன் வேறு. இரண்டு குழுக்கள் ஒருவரையொருவர் மதித்தார்கள் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடைக்காது. எந்தக் கணினிப் பரிந்துரையும் இதற்கு ஈடாகாது.

ஒரு சங்கிலியை முழுதாகப் பார்ப்போம். 2000களில் ராக் கேட்டவர்களுக்கு நியூ ஜெர்சியின் தர்ஸ்டே குழுவைத் தெரிந்திருக்கும். பெரிய நிறுவனத்தில் தொகுப்பு வெளியிட்ட குழு அது. அவர்கள் 2008இல் என்வியோடு ஒரு ஸ்பிளிட் வெளியிட்டார்கள். லேபிள் டெம்பொரரி ரெசிடென்ஸ். அந்த லேபிளின் பட்டியலில் கொஞ்சம் கீழே போனால், மேரிலாந்தின் அன்னபோலிஸ் நகரத்து மாஸ் ஐகான் குழுவின் முழுத்தொகுப்பு 2012இல் வந்திருப்பதைக் காணலாம். 1980களின் பிற்பகுதியில் இயங்கி, பின்னால் வந்த ஸ்க்ரீமோவுக்கு அடித்தளம் போட்ட குழுக்களில் ஒன்று அது. அங்கே கிதார் வாசித்தவர் டோனி ஜாய். அவர் பெயரை அழுத்தினால் யுனிவர்சல் ஆர்டர் ஆஃப் ஆர்மகெடான் என்ற குழு வரும். அதன் தட்டு ஒன்றை வெளியிட்டது சான் டியேகோவின் கிராவிட்டி. இனி மீண்டும் என்விக்கு வாருங்கள். அவர்களுடைய 2003ஆம் ஆண்டுத் தொகுப்பை அமெரிக்காவில் வெளியிட்டது லெவல் பிளேன். ஆக, சேஷியாவின் வாசலில் நிற்கிறீர்கள். பலருக்கும் தெரிந்த ஒரே ஒரு குழுவில் தொடங்கி, நான்கைந்து சொடுக்குகளில் இருபது ஆண்டுகளையும் அமெரிக்காவின் இரண்டு கரைகளையும் கடந்துவிட்டோம்.

இன்னொரு சங்கிலி ஆர்க்கிட்டிலிருந்து தொடங்குகிறது. மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்டைச் சேர்ந்த இந்தக் குழு, கனெக்டிகட்டின் ஜெரோம்ஸ் டிரீமுடன் வெளியிட்ட ஸ்பிளிட் மண்டையோட்டு வடிவில் வெட்டப்பட்ட பத்து அங்குலத் தட்டு. வேறெதற்காக இல்லாவிட்டாலும் அதன் படத்தைப் பார்ப்பதற்காகவாவது தேடலாம். ஜெரோம்ஸ் டிரீமின் பாடகர் மேடையில் மைக் இல்லாமலே அலறியவர் என்பதை மனத்தில் வைத்துக் கேட்டால், குரல் ஏன் எங்கோ சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல ஒலிக்கிறது என்பது புரியும். ஆர்க்கிட்டின் கிதார் கலைஞர் வில் கில்லிங்ஸ்வொர்த் பிறகு ஆம்பியர் குழுவில் இருந்தார். கிளீன் பிளேட் லேபிளையும் டெட் ஏர் ஒலிப்பதிவுக்கூடத்தையும் நடத்துபவரும் அவரே. டெட் ஏர் என்ற பெயர் பின்னட்டையில் இருந்தால் அந்தத் தட்டைக் கேட்டுப் பார்க்க அதுவே போதிய காரணம். ஆம்பியர், டைட்ரோவோடு ஒரு ஸ்பிளிட் வெளியிட்டது. டைட்ரோ, இத்தாலியின் ஃபோர்லி நகரத்து ராயினோடு ஒன்று வெளியிட்டது. ராயினின் உறுப்பினர்களில் சிலர் லா குயேத்தேயிலும் இருப்பவர்கள். அட்லாண்டிக் கடலைத் தாண்டியாயிற்று.

இத்தகைய சங்கிலிகளைப் பின்தொடரும்போது ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். குழுவின் பெயர், ஊர், ஆண்டு, எந்த வழியாக வந்தீர்கள் என்ற நான்கு விவரங்கள் போதும். எந்த வழி என்பதை எழுதாமல் விட்டால், இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வெறும் பெயர்க்குவியலாக நிற்கும்.

நான்காம் படி: கூட்டுத்தொகுப்புகளும் பழைய இதழ்களும்

பல குழுக்கள் ஒரு பாட்டு வீதம் தந்த கூட்டுத்தொகுப்புகளில், தனித்தட்டு எதுவும் வெளியிடாமலே மறைந்த குழுக்களும் கிடைக்கும். டீப் எல்ம் லேபிள் 1997இல் தொடங்கிய எமோ டைரீஸ் வரிசை இதற்கு எளிய தொடக்கம். அதன் முதல் பகுதியில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஜிம்மி ஈட் வேர்ல்டும், அதன் பிறகு யாரும் கேள்விப்படாத பெயர்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அதில் எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். நான்கில் ஒன்று பிடித்தாலும் லாபம்தான்.

கென்ட் மெக்ளார்ட் 1994 முதல் 2006 வரை நடத்திய ஹார்ட் அட்டாக் இதழும், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்த மேக்ஸிமம் ராக்கன்ரோலும் அந்தக் காலத்தின் செய்தித்தாள்கள். இவற்றின் பழைய பிரதிகள் பல இணையத்தில் படக்கோப்புகளாகக் கிடைக்கின்றன. விமர்சனப் பக்கங்களை விட்டுவிட்டு முதலில் விளம்பரப் பக்கங்களைப் பாருங்கள். சிறு லேபிள்கள் கால் பக்க விளம்பரத்தில் தங்கள் தட்டுகளையும் அஞ்சல் முகவரியையும் நெருக்கி அச்சிட்டிருப்பார்கள். விமர்சகர் கவனிக்காமல் விட்ட குழுக்களும் அங்கே இருக்கும்.

பெயர்கள் செய்யும் தொல்லை

அறியப்படாத குழுக்களைத் தேடுவதில் பெரிய இடைஞ்சல் அவற்றின் பெயர்களே. டிஸ்கார்ட் லேபிளின் எம்ப்ரேஸைத் தேடினால், அதே பெயரில் 1990களில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் குழு முதலில் வரும். ஹெராயின், ஜூலியா, கரன்ட், ஹூவர் என்று அகராதிச் சொற்களையோ ஆட்பெயர்களையோ பெயராகக் கொண்ட குழுக்கள் இந்த வட்டத்தில் ஏராளம். தேடும்போது ஊரின் பெயரையோ லேபிளின் பெயரையோ சேர்த்துத் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சரியான இடத்துக்குப் போய்விடலாம். ஸ்ட்ரீமிங் சேவைகளில் ஒரே பெயருள்ள இரண்டு குழுக்களின் தட்டுகள் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பதும் உண்டு. அட்டைப்படத்தை டிஸ்காக்ஸில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டுக் கேளுங்கள்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு சிக்கல். வர்ஜீனியாவின் ஸ்டெர்லிங் நகரத்துப் பேஜ் நைன்டிநைன் குழுவின் பெயர் சில இடங்களில் இரண்டு எழுத்து, ஒரு புள்ளி, 99 என்ற எண்ணோடும், சில இடங்களில் ஒரே நீண்ட சொல்லாகவும் இருக்கும். இரண்டையும் தேட வேண்டும். அவர்கள் தங்கள் வெளியீடுகளுக்கு டாக்யுமென்ட் என்று பெயரிட்டு எண் கொடுத்தது மட்டும் தேடுபவருக்குச் செய்த பெரிய உதவி. 2001இல் வந்த எட்டாம் எண்தான் எல்லோரும் சொல்வது. அதே நண்பர் வட்டத்தின் சிட்டி ஆஃப் கேட்டர்பில்லர் 2002இல் வெளியிட்ட தொகுப்பு இன்னும் நிதானமானது, இன்னும் நீண்டு மூச்சு விடுவது. எனக்கு இரண்டாவதே பிடிக்கும். டைட்ரோவின் பெயரில் ஓர் எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகள் உண்டு. புள்ளிகளோடும் இல்லாமலும் தேடுங்கள். ஓக்லண்டின் இந்தியன் சம்மருக்கு வந்தால் சிக்கல் முற்றிவிடும்: பெயர் பொதுச்சொல், சில தட்டுகளில் பாட்டுகளுக்குத் தலைப்பும் கிடையாது. நல்லவேளையாக, 2019இல் நியூமெரோ நிறுவனம் அவர்களுடைய பதிவுகளைத் திரட்டி மறுவெளியீடு செய்தது.

ஐந்தாம் படி: குறிச்சொற்கள்

குழுக்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் அவர்களே தங்கள் வெளியீட்டுக்குக் குறிச்சொல் இடுவதால், புதிய குழுக்களைக் கண்டறிய அது நல்ல இடம். ஸ்க்ரீமோ என்ற சொல் 2000களில் வணிக ராக் இசைக்கும் ஒட்டிக்கொண்டதால், பழைய பாணியில் வாசிப்பவர்கள் ஸ்க்ராம்ஸ் என்ற சொல்லை இடுகிறார்கள். இன்னும் வேகமும் வெறியும் வேண்டுவோர் எமோவயலன்ஸ் என்று தேடலாம். தென் கரோலினாவின் இன்ஹ்யூமேனிட்டி குழு வேடிக்கையாக வைத்த பெயர் அது. குறிச்சொல்லோடு ஊரின் பெயரையும் சேர்த்தால் பட்டியல் கைக்கு அடங்கும். கோலாலம்பூரின் டைகிலா, பீரி ரைஸ் ஆகிய இரண்டையும் இந்த வழியில் கேட்டுப் பார்க்கலாம்.

ரசிகர்கள் தட்டுகளுக்கு மதிப்பெண் இடும் ரேட் யுவர் மியூசிக் தளத்தில் வகை, ஆண்டு இரண்டையும் கொடுத்துப் பட்டியல் எடுக்கலாம். அங்கே சராசரி மதிப்பெண்ணை நம்பி முதல் பத்தை மட்டும் கேட்பவர் எல்லோரும் கேட்டதையே கேட்பார். ஓர் ஆண்டைத் தேர்ந்து, மதிப்பிட்டவர்கள் நூறு பேருக்கும் குறைவாக உள்ள தட்டுகளைப் பாருங்கள். டிஸ்காக்ஸிலும் இதற்கு இணையான ஒரு குறிப்பு உண்டு: ஒரு தட்டை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், வேண்டும் என்று குறித்தவர்கள் எத்தனை பேர் என்ற இரு எண்கள். வைத்திருப்பவர் சிலராகவும் வேண்டுபவர் பலராகவும் இருந்தால், யாரோ எங்கோ அதைக் கேட்டு ஏங்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

கேட்பதும் வாங்குவதும்

கண்டுபிடித்த குழுவை எங்கே கேட்பது? முதலில் பேண்ட்கேம்ப். கலைந்துபோன குழுக்களின் முன்னாள் உறுப்பினர்கள் பலர் தங்கள் முழுத்தொகுப்பையும் அங்கே ஏற்றி, விரும்பிய தொகை கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இல்லையென்றால் யூடியூப். சேகரிப்பாளர்கள் தட்டிலிருந்தே பதிவு செய்து ஏற்றியவை அங்கே நிறைய உண்டு. வீடியோவின் கீழ் உள்ள விவரங்களைத் தவறாமல் படியுங்கள், லேபிளும் ஊரும் பெரும்பாலும் அங்கே இருக்கும். பின்னூட்டங்களில் அந்தக் குழுவில் வாசித்தவரே வந்து யார் எதை வாசித்தார் என்று எழுதியிருப்பதையும் காணலாம்.

மறுவெளியீடுகளையும் கவனித்து வாருங்கள். ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் 1990களின் இறுதியில் இயங்கிய எவ்ரிஒன் ஆஸ்க்ட் அபவுட் யூ, பல ஆண்டுகள் சேகரிப்பாளர்களுக்கு மட்டுமே தெரிந்த பெயராக இருந்தது. இணையத்தில் கேட்டவர்கள் பெருகியதால் 2023இல் நியூமெரோ அதன் பதிவுகளைத் திரட்டி வெளியிட்டது, குழுவும் மீண்டும் மேடை ஏறியது. சேஷியாவும் 2022இல் மீண்டும் கூடியது. ஆகவே, மூல ஏழு அங்குலத் தட்டுக்குச் சேகரிப்பாளர் விலை கொடுக்கும் முன், முழுத்தொகுப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாட்டுகள் பெரும்பாலும் அதில் இருக்கும், விலையும் பொதுவாகக் குறைவாக இருக்கும்.

அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ தட்டு வரவழைத்தால் அஞ்சல் கட்டணம் தட்டின் விலையையே தாண்டிவிடுவது வழக்கம். அதன்மேல் சுங்கவரியும் சேரும். இரண்டு மூன்று தட்டுகளை ஒரே லேபிளிடம் சேர்த்து வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் விழும் செலவு குறையும். தொடக்கத்தில் டிஜிட்டல் கோப்பே போதும் என்பது என் கருத்து. வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். பேண்ட்கேம்ப் 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளி நாட்களில், தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுவதால் குழுவுக்குக் கூடுதலாகப் போகும். வாங்க வேண்டியவற்றை அந்த நாளுக்கென்று ஒதுக்கி வைக்கலாம். கோப்பை இறக்கியதும் குழுவின் பெயரோடு ஊரையும் ஆண்டையும் கோப்புறைப் பெயரில் சேர்த்துவிடுங்கள். ஜூலியா என்ற பெயரில் இரண்டாவது குழு வந்து சேரும்போது அது கைகொடுக்கும்.